‘சிறுநீர்ப்பை 81’ என்ற எண்ணை எப்படி வாசிப்பது

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 61, கருப்பைவாய்ப் புற்றுநோய். வெளியிலிருந்து தரும் ரேடியேஷன் 25 நாள் முடிந்து, உள்ளே கருவி வைத்துத் தரும் பிராக்கிதெரபி நான்கில் மூன்று முடிந்துவிட்டது. நான்காவது அடுத்த வாரம். மருத்துவமனையில் கேட்டு வாங்கிய திட்டத் தாளில் சிறுநீர்ப்பை 81, மலக்குடல் 66, சிக்மாய்டு 68, கட்டி 85.5 என்று எண்கள் இருக்கின்றன. எல்லாம் கிரே என்ற கதிர்வீச்சு அலகில். “வெளியிலிருந்து கொடுத்ததே 45 கிரேதான், நோயே இல்லாத சிறுநீர்ப்பைக்கு ஏன் 81? இது தவறா? நான்காவதை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? மூன்றாவது முறை முதல் முறையை விட அதிக நேரம் எடுத்தது, கூடுதலாகக் கொடுத்துவிட்டார்களா? டர்பனின் பீனிக்ஸில் இருக்கும் பெரியம்மாவுக்கு 1980களில் இதே சிகிச்சை செய்தபோது சிறுநீர்ப்பைக்கு இவ்வளவு எழுதவில்லையே?” என்பவை அவருடைய கேள்விகள்.

டர்பனில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான கணக்குகளைப் போடும் மருத்துவ இயற்பியல் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் நேரான பதில்: அந்த எண்களில் தவறு எதுவும் தெரியவில்லை, நான்காவது முறையைக் கைவிட வேண்டாம். ஏன் என்பதைச் சொல்ல, அந்த 81 எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தாள் மருத்துவரும் இயற்பியலாளரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காகத் தயாரிக்கப்படுவது. அதைக் கையில் வாங்கிய குடும்பத்துக்கு யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும்.

கருப்பைவாய் இருக்கும் இடமே சிக்கலான இடம். அதற்கு முன்னால், சில மில்லிமீட்டர் தடிமனுள்ள சுவருக்கு அப்பால், சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி ஒட்டி நிற்கிறது. பின்னால் மலக்குடல். மேலே, கருப்பையின் தலைமாட்டில், சிக்மாய்டு எனப்படும் பெருங்குடலின் வளைந்த கடைசிப் பகுதி தொங்கிக்கொண்டிருக்கிறது. அது ஒரு நாள் இருக்கும் இடத்தில் மறுநாள் இருக்காது. இத்தனை உறுப்புகளுக்கு நடுவே உள்ள ஒரு கட்டிக்கு வெளியிலிருந்தே 85 கிரே கொடுக்க முயன்றால் சுற்றியுள்ள குடலும் சிறுநீர்ப்பையும் பெரும்பகுதி அதே அளவை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் வெளிக்கதிரை 45 கிரேயோடு நிறுத்திவிட்டு, கருப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயையும், கருப்பைவாயைச் சுற்றி ஒரு வளையத்தையோ இரண்டு உருண்டைகளையோ பொருத்தி, அவற்றுக்குள் இரிடியம்-192 என்ற கதிரியக்க மூலத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி எடுக்கிறார்கள். மூலத்தின் நீளம் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு, தடிமன் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த முறையின் முழுப் பலமும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு புள்ளி போன்ற மூலத்திலிருந்து 2 சென்டிமீட்டரில் கிடைக்கும் அளவு 4 சென்டிமீட்டரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். குழாய் முழுவதும் பல இடங்களில் மூலம் நிற்பதால் உண்மையில் சரிவு இதைவிடச் சற்று மெதுவாக இருக்கும், ஆனாலும் வேறு எந்தக் கதிர்வீச்சு முறையிலும் இவ்வளவு செங்குத்தான சரிவு எளிதில் கிடைக்காது.

அந்தச் சரிவின் மறுபக்கம் என்னவென்றால், சிறுநீர்ப்பை முழுவதற்கும் ஒரே எண் என்று எதுவும் கிடையாது. கருவியை ஒட்டிய சுவரில் ஒரு அளவு, அதற்கு 3 சென்டிமீட்டர் தள்ளி மிகக் குறைந்த இன்னொரு அளவு. தாளில் இருக்கும் 81 என்பது சிறுநீர்ப்பையின் சராசரி அல்ல. சிறுநீர்ப்பைச் சுவரில் எந்த 2 கன சென்டிமீட்டர் மிக அதிகமாகக் கதிர் வாங்குகிறதோ, அந்த 2 கன சென்டிமீட்டரில் மிகக் குறைவாக வாங்கிய இடத்தின் அளவு. அதாவது அரை தேக்கரண்டிக்கும் குறைவான திசு 81 கிரேயையோ அதற்கு மேலோ வாங்குகிறது; மீதிச் சிறுநீர்ப்பை எல்லாம் அதற்குக் கீழே, முன்சுவர் வெகுவாகக் கீழே. இதை ‘டி2சிசி’ என்று குறிப்பார்கள். உங்கள் தாளில் ஒவ்வொரு உறுப்பின் பெயருக்கும் பக்கத்தில் அந்தக் குறியீடு சின்ன எழுத்தில் இருக்கும்.

கட்டிக்கு எழுதியிருக்கும் 85.5 நேர் எதிரான வகை எண். கட்டியும் கருப்பைவாயும் அடங்கிய பகுதியில் 90 சதவீதத்துக்குக் குறைந்தபட்சம் கிடைத்தே தீரும் அளவு அது. ‘டி90’ என்பது அதன் குறியீடு. கட்டியின் நடுவில், குழாயை ஒட்டி, இதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் விழுகிறது. ஆக, கட்டிக்குத் தாழ்ந்த பக்கத்து எண்ணையும் நல்ல உறுப்புக்கு உயர்ந்த பக்கத்து எண்ணையும் எழுதுவது இந்தத் துறையின் வழக்கம். இரண்டு பக்கமும் மோசமான நிலையைக் கணக்கில் எடுப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, கட்டிக்கும் சிறுநீர்ப்பைக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு கொடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். என் அனுபவத்தில் குடும்பத்தினரின் பயத்துக்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஒற்றை விஷயம்.

அடுத்தது கூட்டல். அம்மாவின் சிகிச்சைக் குறிப்பில் ஒவ்வொரு உள்சிகிச்சைக்கும் சிறுநீர்ப்பைக்கு 5.5 கிரே என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு முறைக்கு 22. வெளிக்கதிர் 45. கூட்டினால் 67தானே வர வேண்டும், 81 எங்கிருந்து வந்தது? கதிர்வீச்சில் ஒரே அளவைச் சிறு சிறு தவணையாகக் கொடுப்பதும் பெரிய தவணையாகக் கொடுப்பதும் ஒன்றல்ல. நல்ல திசுக்கள், அதிலும் மாதங்கள் வருடங்கள் கழித்துப் பாதிப்பைக் காட்டும் திசுக்கள், பெரிய தவணையால் அதிகம் அடிபடும். ஆகவே எல்லாவற்றையும் ‘நாளுக்கு 2 கிரே வீதம் கொடுத்திருந்தால் எத்தனை கிரேக்குச் சமம்’ என்ற ஒரே அளவுகோலுக்கு மாற்றிய பிறகே கூட்டுவார்கள். இந்த மாற்றத்துக்கு ஆல்பா–பீட்டா விகிதம் என்ற எண்ணைப் பயன்படுத்துகிறோம். சிறுநீர்ப்பை, குடல் போன்றவற்றின் தாமதப் பாதிப்புக்கு 3, கட்டிக்கு 10 என்று வைத்துக்கொள்வது வழக்கம். தவணை அளவோடு அந்த விகிதத்தைக் கூட்டி, அதை 2 கூட்டல் அந்த விகிதத்தால் வகுத்து, மொத்த அளவால் பெருக்க வேண்டும். சிறுநீர்ப்பைக்கு 5.5 கூட்டல் 3 என்பது 8.5, அதை 5ஆல் வகுத்து 5.5ஆல் பெருக்கினால் 9.35. நான்கு முறைக்கு 37.4. வெளிக்கதிர் நாளுக்கு 1.8 கிரே என்பதால் அதன் 45 இந்த அளவுகோலில் 43.2 ஆகிறது. மொத்தம் 80.6, தாளில் 81 என்று முழுமைப்படுத்தியிருக்கிறார்கள். மலக்குடலுக்கு முறைக்கு 4 கிரே என்றால் இதே வழியில் 65.6 வரும், அதுவும் உங்கள் தாளின் 66உடன் பொருந்துகிறது. ஆகையால் அந்த 81 கருவி அளந்து சொன்ன கிரே அல்ல, சம விளைவுக்கு மாற்றப்பட்ட கிரே. இணையத்தில் வேறு புற்றுநோய்களுக்கான பட்டியல்களில் காணும் எண்களோடு இதை ஒப்பிடும் முன், அவையும் இப்படி மாற்றப்பட்டவைதானா, எத்தனை கன சென்டிமீட்டருக்கு உரியவை என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டும் பொருந்தாது.

சரி, 81 அதிகமா? இன்று உலகில் பல இடங்களிலும் பின்பற்றப்படும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எம்பிரேஸ்-2 என்ற பன்னாட்டு ஆய்வின் வழிகாட்டலில் சிறுநீர்ப்பைக்கு இலக்கு 80க்குக் கீழ், உச்ச வரம்பு 90. மலக்குடலுக்கு இலக்கு 65, வரம்பு 75. சிக்மாய்டுக்கு இலக்கு 70, வரம்பு 75. கட்டிக்கு இலக்கு 90 முதல் 95 வரை, எப்படியும் 85க்குக் குறையக்கூடாது. உங்கள் அம்மாவின் எண்களை இதில் வைத்துப் பாருங்கள்: சிறுநீர்ப்பையும் மலக்குடலும் இலக்கை ஒரு இம்மி தாண்டியிருக்கின்றன, வரம்புக்கு வெகுவாகக் கீழே இருக்கின்றன, சிக்மாய்டு இலக்குக்குள், கட்டி கட்டாய அளவைத் தாண்டி நிற்கிறது. திட்டம் போட்டவர் எந்த உறுப்பை எவ்வளவு விட்டுக்கொடுத்துக் கட்டிக்கு அந்த 85ஐ வாங்கினார் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. நானாக இருந்தாலும் இதே இடத்தில்தான் நிறுத்தியிருப்பேன். கட்டியை 90க்கு உயர்த்தச் சிறுநீர்ப்பையை 86க்குக் கொண்டுபோவதா என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பேன், அவ்வளவுதான்.

இந்த வரம்புகளை நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்துதான் வகுத்திருக்கிறார்கள். மலக்குடலின் அந்த 2 கன சென்டிமீட்டர் 65க்குள் இருந்தால் இரத்தக் கசிவு முதலிய தொல்லைகள் குறைவாகவும் லேசாகவும் இருக்கின்றன. 75ஐத் தாண்டினால் பெரிய பாதிப்புகள், மலக்குடலுக்கும் யோனிக்கும் நடுவே துளை விழுவது உட்பட, கணிசமாகக் கூடுகின்றன. சிறுநீர்ப்பை இதைவிடப் பொறுமையான உறுப்பு, அதனால்தான் அதற்கு 90 வரை இடம். ஆனால் 89இல் பாதுகாப்பு, 91இல் ஆபத்து என்று கோடு கிழித்ததுபோல் எதுவும் நடப்பதில்லை. ஆபத்து படிப்படியாக ஏறுகிறது. சர்க்கரை நோய், புகைபிடித்தல், முன்பு அடிவயிற்றில் நடந்த அறுவைச் சிகிச்சை ஆகியவை அதே எண்ணிலும் ஆபத்தைக் கூட்டுகின்றன. நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பது, 81ஐ 79 ஆக்கச் சொல்லி மருத்துவரிடம் வாதாடுவதை விட அதிகப் பயன் தரும்.

நான்காவது முறையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்காகவே பாருங்கள். சிறுநீர்ப்பை 81இலிருந்து 71க்கு இறங்கும். அதே நேரம் கட்டி 85.5இலிருந்து 75க்கு இறங்கும். 30 கன சென்டிமீட்டர் அளவுள்ள பகுதிக்கு ஏழு வாரத்துக்குள் 85 கிரே கொடுத்தவர்களில், மூன்று ஆண்டுகளில் அந்த இடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 93 சதவீதத்துக்கும் மேல் என்று ஐரோப்பிய, ஆசிய மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: மொத்தச் சிகிச்சை ஒரு வாரம் நீண்டால், கட்டிக்கு 5 கிரே குறைத்துக் கொடுத்ததற்குச் சமமான இழப்பு ஏற்படுகிறது. கருப்பைவாயில் நோய் திரும்பினால் அது முதலில் போய்ச் சேரும் இடங்களில் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் உண்டு; கட்டி அரித்து உண்டாக்கும் துளை, கதிர்வீச்சால் உண்டாவதை விடக் கொடியது, அதை மூடுவதும் கடினம். சிறுநீர்ப்பையைக் காப்பாற்ற நினைத்து அதையே இழக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. ஆகவே நான்காவதைத் தவிர்க்கவும் வேண்டாம், விரதம், வீட்டு விசேஷம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். இந்தக் குவாஸுலு-நாட்டல் மாகாணத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களின் அவலத்தை 2017இல் மனித உரிமை ஆணையமே அறிக்கையாக வெளியிட வேண்டியிருந்தது. தேதி கிடைத்தும் நாமாக அதை நழுவவிடுவது அதைவிட வருத்தமானது.

மூன்றாவது முறை ஏன் அதிக நேரம் எடுத்தது என்பதற்குப் பதில் எளிது. இரிடியம்-192 நாளுக்கு நாள் வலுக் குறைந்துகொண்டே வரும்; சுமார் 74 நாளில் அதன் வலு பாதியாகிவிடும். முதல் முறைக்கும் மூன்றாவது முறைக்கும் இடையே இரண்டு வாரம் என்றால், அதே அளவைக் கொடுக்க ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதல் நேரம் தேவை. நேரம்தான் கூடியதே தவிர அளவு கூடவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய மூலம் வந்ததும் நேரம் மறுபடி குறைந்துவிடும்.

நல்ல உறுப்புகளுக்குப் போகும் அளவைக் குறைப்பதற்கான வேலையில் பெரும்பகுதி கணினிக்கு முன்னால் நடப்பதில்லை, அறுவை மேசையில் நடக்கிறது. அம்மாவுக்கு முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டு, கருவியைப் பொருத்தியதும், மருத்துவர் நீண்ட காஸ் துணியை ஈரப்படுத்தி, யோனிக்குள் கருவிக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பார். முன்பக்கம் அடைப்பது சிறுநீர்ப்பையை முன்னே தள்ள, பின்பக்கம் அடைப்பது மலக்குடலைப் பின்னே தள்ள. எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்காக அந்தத் துணியில் சாயமருந்து கலப்பதுண்டு. மூலத்திலிருந்து 2 சென்டிமீட்டரில் இருக்கும் சுவர் 5 மில்லிமீட்டர் தள்ளிப்போனால், மேலே சொன்ன தூர விதிப்படி அது வாங்கும் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். அவசரமாக, தளர்வாக அடைத்த ஒரு துணியை எந்தக் கணினியாலும் ஈடுகட்ட முடியாது. அதே துணி கருவியைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் கருவியே கருப்பைவாயை விட்டு இறங்கிவிடும்; அப்போது கட்டிக்குப் போக வேண்டியது யோனிச் சுவருக்குப் போகும். கைப்பழக்கம் உள்ள மருத்துவரும் தாதியும் இருக்கும் இடத்தில் எண்கள் தானாகவே நன்றாக வருவதற்குக் காரணம் இதுதான்.

அதன் பிறகு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, மருத்துவர் கட்டியையும் உறுப்புகளையும் படத்தின் ஒவ்வொரு அடுக்கிலும் வரைந்து தருவார். மூலம் குழாய்க்குள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் பல நிறுத்தங்களில் நிற்கும். எந்த நிறுத்தத்தில் எத்தனை விநாடி என்பதுதான் எங்கள் கையில் இருக்கும் திருகாணி. ஒரு உதாரணம் சொல்கிறேன். கருப்பைக் குழாயின் நுனிக்கு மேலேயே சிக்மாய்டு ஒரு வளையமாக வந்து படுத்திருக்கும். வழக்கமான ஏற்பாட்டில் அது முறைக்கு 6 கிரே வாங்கும், அதாவது சம அளவுகோலில் 10.8. கட்டி கருப்பைவாயில் மட்டும் இருந்து மேலே ஏறவில்லை என்றால், நுனியில் உள்ள இரண்டு நிறுத்தங்களைச் சுழியமாக்கி, அடுத்ததைப் பாதியாக்கினால் சிக்மாய்டு 4.3க்கு இறங்கிவிடும், கட்டி அதை உணர்வதே இல்லை. இப்படிச் சுலபமாக முடிவதும் உண்டு. கட்டி ஒரு பக்கம் இடுப்புச் சுவரை நோக்கிப் படர்ந்திருக்கும்போது விநாடிகளை மாற்றிப் பயனில்லை. அந்தப் பக்கத்துக்கு அளவை ஏற்றினால் சிறுநீர்ப்பையும் சேர்ந்து ஏறும். அப்போது வளையத்தில் உள்ள துளைகள் வழியே சில ஊசிக் குழாய்களைக் கட்டிக்குள்ளேயே செலுத்தி, அவற்றின் வழியாகவும் மூலத்தை அனுப்புவார்கள். ஊசி சேர்த்தால் நோயாளிக்கு வேதனையும் இரத்தக் கசிவும் சற்றுக் கூடும் என்பதால் எல்லோருக்கும் செய்வதில்லை. அம்மாவின் கட்டி 85.5ஐ ஊசியில்லாமலே எட்டியிருப்பதால் அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது.

சிறுநீர்ப்பைக்குள் எவ்வளவு நீர் இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. நிரம்பியிருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்படும், அது நல்லது. ஆனால் சிறுநீர்ப்பைச் சுவர் கருவியின் மேல் படர்ந்து அதன் எண் ஏறலாம். ஆகவே ஒவ்வொரு மையமும் குழாய் வழியாக ஒரு குறிப்பிட்ட அளவு நீரை ஏற்றி, படம் எடுக்கும்போதும் சிகிச்சையின்போதும் அதே அளவைக் காக்கும். இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டதோ என்று சந்தேகப்பட்டுப் பாட்டியோ சித்தியோ குழாயின் கவ்வியைத் திறந்துவிடுவதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைத் தொட வேண்டாம், தாதியைக் கூப்பிடுங்கள்.

மலக்குடலுக்கு எதிரி வாயுவும் மலமும். படம் எடுத்தபோது காலியாக இருந்த மலக்குடலில் ஒரு மணி நேரம் கழித்து வாயு சேர்ந்தால் அதன் முன்சுவர் கருவியை நோக்கி நகரும். 2 சென்டிமீட்டரில் 1 மில்லிமீட்டர் நெருங்கினாலே அளவு 11 சதவீதம் கூடுகிறது. ஆகவே சிகிச்சைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே நார்ச்சத்தும் வாயுவும் குறைந்த சாப்பாடு நல்லது. சுகர் பீன்ஸ் கறி, டால், முட்டைக்கோஸ், மடும்பிக் கிழங்கு (சேம்பு) ஆகியவற்றை அந்த நாட்களில் ஒதுக்கிவிட்டு, வெள்ளைச் சோறு, ரசம், மீன், முட்டை, தயிர் என்று வைத்துக்கொள்ளலாம். முந்தின நாள் எனிமாவோ மலமிளக்கியோ கொடுத்தால் மறுக்க வேண்டாம்.

நான்கு முறையும் அதே 2 கன சென்டிமீட்டர்தான் அதிக அளவை வாங்கியது என்று எடுத்துக்கொண்டே தாளில் கூட்டுகிறார்கள். உண்மையில் குடலும் சிறுநீர்ப்பையும் ஒவ்வொரு முறையும் சற்று மாறிப் படுத்திருக்கும். அதிக அளவு விழும் இடமும் மாறும். சிக்மாய்டு விஷயத்தில் இது மிகவும் உண்மை. எனவே கூட்டிய எண் பெரும்பாலும் உண்மையை விடச் சற்று மிகையானது. மறுபக்கம், படத்துக்கும் சிகிச்சைக்கும் நடுவே உறுப்பு நகர்வதால் ஏற்படும் பிழை இரண்டு திசையிலும் போகலாம். தசம புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கத்தில் நான் நம்பிக்கை வைப்பதில்லை.

பெரியம்மாவின் காலத்துக்கு வருகிறேன். அப்போது சீசியம்-137 போன்ற மூலங்களை வைத்து, ஒன்று முதல் மூன்று நாள் வரை தனி அறையில் படுக்க வைத்து மெதுவாகக் கொடுத்தார்கள். படம் என்றால் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த இரண்டு எக்ஸ்ரே. அதில் சிறுநீர்ப்பையே தெரியாது. சிறுநீர்க் குழாயின் நுனியில் உள்ள பலூனில் 7 கன சென்டிமீட்டர் சாயமருந்தை நிரப்பி, அந்தப் பலூனின் பின்விளிம்பில் ஒரு புள்ளியைக் குறித்து, அதன் அளவைச் சிறுநீர்ப்பையின் அளவு என்று எழுதினார்கள். கதிர்வீச்சு அலகுகளுக்கான பன்னாட்டு ஆணையம் (ஐ.சி.ஆர்.யூ.) 1985இல் வெளியிட்ட 38ஆம் அறிக்கையின் முறை அது. கட்டிக்கும் 1938இல் மான்செஸ்டரில் வகுக்கப்பட்ட ‘ஏ’ என்ற புள்ளிதான். கட்டி பெரிதானாலும் சிறிதானாலும் அதே புள்ளி. சி.டி. வந்த பிறகு பார்த்தபோது, சிறுநீர்ப்பையில் அதிக அளவு விழும் இடம் பல நேரங்களில் அந்தப் பலூன் புள்ளிக்கு மேலே இருப்பது தெரிந்தது. ஆகவே பெரியம்மாவின் தாளில் இருந்த குறைந்த எண், அவருடைய சிறுநீர்ப்பை குறைவாக வாங்கியதற்குச் சாட்சி அல்ல. 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் குழு வெளியிட்ட பரிந்துரைகளுக்குப் பிறகுதான் இந்த 2 கன சென்டிமீட்டர் முறை பரவியது. நீங்கள் இன்று பார்க்கும் பெரிய எண், கூர்ந்து பார்த்ததால் வெளியே வந்த எண்.

உங்கள் தாளில் இல்லாத ஒரு உறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவி நேராகத் தொட்டுக்கொண்டிருப்பது யோனிச் சுவரை. உண்மையில் நல்ல திசுக்களில் மிக அதிகமாக வாங்குவது அதுதான். நம் குடும்பங்களில் இதை மகள் அம்மாவிடம் பேசுவது கடினம் என்பதாலோ என்னவோ, யாரும் கேட்பதும் இல்லை, பல இடங்களில் சொல்வதும் இல்லை. யோனிக்கும் மலக்குடலுக்கும் இடையே உள்ள ஒரு குறிப்புப் புள்ளியில் 65 கிரே என்றால், இரண்டு ஆண்டுகளில் யோனி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று; 85 என்றால் மூன்றில் ஒன்று. சிகிச்சை முடிந்து புண் ஆறியதும் விரிப்பான் என்ற கருவியை ஒழுங்காகப் பயன்படுத்தினால் இது குறையும். தாம்பத்தியத்துக்கு மட்டும்தான் இது தேவை என்று நினைத்து 61 வயதில் எதற்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சுருங்கிப்போனால் மருத்துவர் பின்னாளில் கருப்பைவாயைப் பரிசோதிக்கவே முடியாது. நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் வழி அடைபடும். தாதியிடம் அம்மா தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.

சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் ஆகியவை இந்த உள்சிகிச்சையில் வாங்குவது மிகச் சொற்பம். மூலம் அதன் பெட்டிக்குள் திரும்பிய பிறகு அம்மாவின் உடலில் கதிரியக்கம் எதுவும் மிச்சமிருக்காது. பேரப்பிள்ளைகளைத் தூக்கலாம், அணைக்கலாம். லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நேரத்தில் மின்சாரம் போனால் மூலம் உள்ளேயே மாட்டிக்கொள்ளாதா என்று இந்த நாட்டில் மட்டும் தவறாமல் கேட்கிறார்கள். மூலத்தை அனுப்பும் இயந்திரத்தில் மாற்று மின்கலம் உண்டு, மின்சாரம் தடைப்பட்டால் மூலம் தானாகவே பெட்டிக்குள் இழுக்கப்படும்; அதுவும் தவறினால் கையால் சுற்றி இழுக்கும் வசதியும், அதற்குப் பயிற்சி பெற்ற ஆளும் பக்கத்தில் இருப்பார். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.வி. மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த நாட்களில் அதை ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது.

இனி வரும் ஆண்டுகளைப் பற்றி. மலக்குடல் பாதிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில், மலத்தோடு சிவப்பு இரத்தமாகத் தலைகாட்டும். சிறுநீர்ப்பை சோம்பேறி, ஐந்து பத்து ஆண்டு கழித்துக் கூட அடிக்கடி சிறுநீர், அவசரம், இரத்தம் கலந்த சிறுநீர் என்று தொடங்கலாம். அதற்குள் வேறு ஊர், வேறு டாக்டர் என்று ஆகியிருக்கும். 2 கன சென்டிமீட்டர் எண்கள் உள்ள தாளின் நகலை அம்மாவின் மருத்துவ அட்டையோடு வைத்திருந்தால் அந்த டாக்டர் காரணத்தை உடனே ஊகிக்க முடியும். சிறுநீரில் இரத்தம் என்றதும் வெறும் கிருமித் தொற்று என்று மாத்திரை மேல் மாத்திரை கொடுத்துக்கொண்டே போகாமல், நோய் திரும்பியதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அம்மாவுக்கே மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். பின்னாளில் இரத்தப்போக்குக்காகக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் டாக்டர், மலக்குடலின் முன்சுவரில் சிவந்து கசியும் இடத்தைக் கண்டால் அங்கிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப நினைப்பார். கதிர்வீச்சு வாங்கிய அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைவு. எடுத்த புண் ஆறாமல் யோனிக்குள் துளையாகத் திறந்துவிடலாம். புற்றுநோய் என்று உறுதியான சந்தேகம் இருந்தால் ஒழிய அங்கே கை வைக்கக் கூடாது. கசிவை நிறுத்த சுக்ரல்ஃபேட் எனிமா, ஆர்கான் வாயுவால் தீய்ப்பது, அழுத்த ஆக்சிஜன் என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஆகவே குழாய் விடும் மேசையில் ஏறுவதற்கு முன்பே, “எனக்கு உள் ரேடியேஷன் கொடுத்திருக்கிறார்கள், முன்பக்கத்தில் சதை எடுப்பதற்கு முன் ரேடியேஷன் டாக்டரிடம் கேளுங்கள்” என்று அம்மா சொல்ல வேண்டும். அவரால் முடியாவிட்டால் கூடப் போகிறவர் சொல்ல வேண்டும்.